பொம்மை வீட்டு விளையாட்டில் அப்பாவைக் குளியல் தொட்டியை விட்டு எழ விடாத நான்கு வயது மகள்: ஆலோசனை வேண்டும்

கேள்வி: தூத்தூர்க் கடற்கரை

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூரை அடுத்த ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 4 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. வரும் ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்க்க இருக்கிறோம். வீட்டில் நானும் அவளும் என் மாமியாரும் மட்டும்தான். என் கணவர் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகில் வேலை செய்கிறார். கொச்சியிலிருந்து படகு புறப்பட்டால் திரும்பிவர 30 நாளும் ஆகும், 40 நாளும் ஆகும். அதுவரை பெரும்பாலும் பேச்சும் இருக்காது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த என் தங்கை, என் கைப்பேசியில் பொம்மை வீட்டு விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். ஒரு வீட்டின் முன்சுவரை மட்டும் கழற்றி வைத்ததுபோல் அடுக்களையும் படுக்கையறையும் குளியலறையும் கண்ணுக்கு நேரே தெரிகின்றன. மதிப்பெண் இல்லை, நேரக் கணக்கு இல்லை, தோற்றுப்போவது என்ற ஒன்றும் இல்லை. எந்தப் பொம்மையும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. குழாயைத் தொட்டால் தண்ணீர் விழுகிறது, விளக்கைத் தொட்டால் அறை இருட்டாகிறது, முட்டையை வாணலியில் வைத்தால் பொரிகிறது. இதற்கு முன்பு இதே வகையில் இலவசமாகக் கிடைத்த வேறொரு விளையாட்டை நானே ஏற்றியிருந்தேன். அதில் இரண்டு அறைக்கு மேல் எல்லாவற்றிலும் பூட்டுப் படம் தொங்கும். கதவைத் தொடும்போதெல்லாம் விளம்பரம் வரும். ஒரு நாள் பணம் வைத்து ஆடும் சீட்டாட்ட விளம்பரம் வந்ததைப் பார்த்த அன்றே அதை நீக்கிவிட்டேன். இப்போது இருப்பதில் அந்தத் தொல்லை இல்லை.

என் மனத்தைக் குழப்புவது வேறு. விளையாட்டைத் திறந்ததும் என் மகள் செய்யும் முதல் வேலை, அப்பா பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியல் தொட்டியில் உட்கார வைப்பதுதான். பிறகு குழாயைத் திறந்து தண்ணீர் நிறைக்கிறாள். அடுக்களைக் குளிர்பெட்டியில் இருக்கும் மீனை எடுத்துவந்து தொட்டிக்குள் விடுகிறாள். அதற்குப் பின் அந்த வீட்டில் சமையல் நடக்கிறது, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பாட்டி சோபாவில் சாய்ந்து தூங்குகிறாள். அப்பா மட்டும் தொட்டியிலேயே இருக்கிறார். ஒரு நாள் நான் அந்தப் பொம்மையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "எடுக்காதம்மா, அப்பா கடல்ல நிக்காவ" என்று என் கையைத் தட்டிவிட்டு, மறுபடியும் தொட்டியில் வைத்தாள்.

என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, கடல் தொழில் செய்கிற வீட்டில் பிள்ளை அப்பாவைத் தண்ணீருக்குள் வைத்து விளையாடுவது நல்லதல்ல என்று சொல்லிக் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார். 2017 நவம்பரில் வந்த ஒகிப் புயலை எங்கள் ஊரில் ஒருவரும் மறக்கவில்லை. ஆகையால் அவருடைய பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளை மனத்தில் ஏதோ வருத்தம் இருந்துதான் இப்படிச் செய்கிறாளா? இந்த விளையாட்டைத் தொடர விடலாமா, விடலாம் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? நிறுத்தச் சொன்னால் அழுகிறாள். முடிவே இல்லாத விளையாட்டு என்பதால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: குலசேகரம்

எங்கள் மகனுக்கும் இந்த வகை விளையாட்டு ஒன்றைக் கொடுத்து, மூன்றே மாதத்தில் நீக்கிவிட்டோம். விளையாட்டின் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே கைப்பேசியில் வீடியோக்களும் இருக்கின்றன. பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பையன், விரல் தவறி வெளியே வந்து, அடுத்த நிமிடம் வாய் பிளந்து வீடியோ பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் வேலையாக இருக்கும் தாய்க்கு இந்த இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். உங்களுக்கும் அந்தச் சிக்கல் வரும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பதில் 2: திருவட்டாறு அங்கன்வாடிப் பணியாளர்

அன்புள்ள தங்கைக்கு, 22 ஆண்டுகளாக அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகள் செய்வதைப் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது.

எங்கள் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் அதிகம். விடியுமுன்பே பால்வெட்டுக்குப் போய்விடும் அப்பாமாரின் பிள்ளைகள், எங்கள் மையத்தின் வராந்தாத் தூணில் ஒரு குச்சியால் சரிவாகக் கீறுவதுபோல் பாவனை செய்து, கீழே ஒரு சிரட்டையை வைத்துவிட்டுப் பால் நிறையும்வரை காத்திருப்பார்கள். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் குவித்து வைத்து ஒவ்வொன்றாகத் தட்டி உடைப்பார்கள். ஒரு பெண் குழந்தை, தாய் புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் மூன்று வாரமும் மூலையில் தனியே உட்கார்ந்து அதை மட்டுமே செய்தாள். அழவில்லை, யாரிடமும் சண்டை போடவில்லை. நான்காவது வாரம் பக்கத்தில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டு, "நீயும் ஆபீசுக்கு வா" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அப்பாவும் அம்மாவும் கண் மறைந்தபின் எங்கே போகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் இப்படிச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ருஷ்ய உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி, குழந்தை ஒரு குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுவதைப் பற்றி 1933இலேயே பேசியிருக்கிறார். குச்சி கையில் இருந்தாலும் குழந்தை நடந்துகொள்வது குதிரைக்கு ஏற்றபடிதான். கண்ணில் காணும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அங்கே பிறக்கிறது என்பது அவருடைய கருத்து. உங்கள் மகளிடம் குச்சிக்குப் பதில் குளியல் தொட்டி இருக்கிறது. அந்த வீட்டில் கடல் இல்லை. தண்ணீர் நிற்கிற இடம் அது ஒன்றுதான். அதைத் தேடிக் கண்டுபிடித்து, மீனையும் கொண்டுவந்து விட்டு, அதைக் கடலாக்கிவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் 4 வயதுப் பிள்ளை இதைச் செய்வது சிறிய காரியம் அல்ல. அப்பாவைக் காணோம் என்று அவள் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அப்பா இருக்கும் இடம் இது என்று சொல்லி, அந்த இடத்தை யாரும் கலைக்காமல் காவல் காக்கிறாள். இதை உங்கள் மாமியாரிடமும் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அப்பா பொம்மையை நீங்களாக எடுக்காதீர்கள், "ஏன் அப்பாவை அங்கே வைத்தாய்?" என்று கேள்வி கேட்டு விசாரிக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டி பொம்மையையோ பிள்ளைப் பொம்மையையோ உங்கள் விரலால் நகர்த்தி, அதன் வாயாக நீங்கள் பேசுங்கள். "இன்றைக்கு என்ன கறி வைக்க?", "கடலில் காற்று எப்படி?" என்று பாட்டி கேட்கட்டும். பதிலை அவள் சொல்வாள். இந்த வகை விளையாட்டில் பொம்மைகள் பேசாமல் இருப்பதை நான் பெரிய வசதியாகவே நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஓயாமல் கட்டளையிடும் விளையாட்டில் பிள்ளை வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும். இங்கே யாராவது பேசினால்தான் கதை நகரும். அந்தப் பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாக, உங்கள் ஊர்ச் சொற்களோடு இருக்கும். ஆனால் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டால் அந்த வசதி பாதி வீணாகிவிடும்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதே வழிகாட்டுதல், நாள் முழுவதிலுமாகச் சேர்த்து 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 முதல் 5 வயது வரை 1 மணி நேரத்துக்கு மிகாமல், பெரியவர் உடனிருக்க, என்றுதான் சொல்கிறது. அந்த 1 மணி நேரத்தில் தொலைக்காட்சியும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் 20 நிமிடம், அதுவும் நீங்கள் கூட உட்கார முடிகிற நேரத்தில் கொடுங்கள். சோறு ஊட்டும்போதும் தூங்கப் போகும் முன்பும் வேண்டவே வேண்டாம்.

தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ, மற்றப் பிள்ளைகளோடு சேர மறுத்தாலோ, அந்த ஒரே காட்சியைப் பயத்தோடு மாற்றமில்லாமல் செய்துகொண்டே இருந்தாலோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பதில் 3: நாகர்கோவில், மென்பொருள் சோதனையாளர்

அக்கா, பிள்ளையின் மனத்தைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கைப்பேசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. வீட்டில் 3 வயதில் ஒரு மருமகளும் இருக்கிறாள்.

இந்த வகை விளையாட்டுகள் பணம் வாங்கும் முறையைப் பார்த்தாலே அவற்றின் குணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். 2011இல் வந்த மை பிளேஹோம் போன்றவை, ஒரே முறை பணம் கொடுத்து வாங்கினால் முழு வீடும் கிடைக்கும் வகை. சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் தொடங்கிய டோகா போகா நிறுவனமும் ஆரம்பத்தில் ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாக விற்றது. பிறகு கனடாவின் ஸ்பின் மாஸ்டர் 2016இல் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2018இல் எல்லா இடங்களையும் ஒன்றாகச் சேர்த்த ஒரே உலகம் வெளிவந்தது. அதில் நுழைவு இலவசம். கூடுதல் வீடுகளையும் கடைகளையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாகோ மினி வேர்ல்டு போன்றவை மாதச் சந்தாவில் நடக்கின்றன. இவை தவிர, முழுக்க விளம்பரத்தில் பிழைக்கும் விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நீங்கள் நீக்கியது அந்த வகையைச் சேர்ந்தது. பூட்டிய கதவைக் காட்டிக்கொண்டே இருப்பது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை என்பது என் உறுதியான எண்ணம். 4 வயதுப் பிள்ளைக்குக் காசும் தெரியாது, விளம்பரம் எது, விளையாட்டு எது என்ற வேறுபாடும் தெரியாது. சிறிய வீடாக இருந்தாலும் எல்லா அறையும் திறந்திருக்கிற வீடே நல்லது.

பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழேயே விளம்பரம் உண்டா, செயலிக்குள் வாங்கும் பொருள்கள் உண்டா என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். ஏற்றுவதற்கு முன் அதைப் படியுங்கள். வங்கி அட்டையையோ யுபிஐ கணக்கையோ அந்தக் கைப்பேசியில் இணைக்காமல், தேவையான தொகைக்கு மட்டும் கூகுள் பிளே ரீசார்ஜ் குறியீடு வாங்கிச் செலுத்தினால், பிள்ளை எதைத் தொட்டாலும் அந்தத் தொகைக்கு மேல் போகாது. வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படியும் பிளே ஸ்டோரின் அமைப்புகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம் நண்பர் சொன்ன சிக்கலுக்குத் தீர்வு இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்தி வைக்கலாம். பூட்டு எண் போட்டால்தான் அதிலிருந்து வெளியே வர முடியும் என்றும் அமைக்கலாம். இதற்கு ஆப் பின்னிங் என்று பெயர். அது இருக்கும் இடம் ஒவ்வொரு கைப்பேசியிலும் மாறும் என்பதால், அமைப்புகளின் தேடல் பெட்டியில் 'பின்' (pin) என்று எழுதித் தேடுங்கள். ஐபோனில் இதே வசதிக்குக் கைடட் ஆக்சஸ் என்று பெயர். அமைத்த பிறகு பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்த வேண்டும்.

இணையத்தை நிறுத்த விமானப் பயன்முறையைப் போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். உங்கள் வீட்டில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். படகு சிக்னல் கிடைக்கும் தூரத்துக்கு வந்து உங்கள் கணவர் அழைக்கும் நேரத்தில் கைப்பேசி கிடைக்காமல் போய்விடக் கூடாது. அதற்குப் பதிலாக, அந்த ஒரு செயலிக்கு மட்டும் மொபைல் டேட்டாவை நிறுத்தும் வசதி உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியைப் பின் செய்திருக்கும்போது அழைப்பு எப்படி வருகிறது என்பதையும் மாமியாரின் கைப்பேசியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், குழந்தைகளின் நடவடிக்கைகளைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் அதன் 9ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே ஒரு பொம்மை வீடு மைக்கையோ இருப்பிடத்தையோ தொடர்புப் பட்டியலையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். பொம்மைக்கு முட்டை பொரிக்க அவற்றில் எதுவும் தேவையில்லை.

பதில் 4: முட்டம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகளே, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நானும் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார் கட்டுமரத்தில் போய்வந்தவர். அவர் கரை திரும்பும்வரை நானும் என் அக்காவும் ஈர மணலில் வீடு கட்டி, சிரட்டையில் மணலை அழுத்திக் கவிழ்த்து அப்பம் சுட்டு, பூவரசம் இலையில் பரிமாறிக்கொண்டு இருப்போம். அப்பா வரும்போது ஆறிப்போகாமல் இருக்க வேண்டும் என்று ஓர் அப்பத்தை மட்டும் வேறொரு சிரட்டையால் மூடி வைப்பாள் அக்கா. உன் மகள் செய்வது எனக்குப் புதியதாகவே தெரியவில்லை.

பழைய தமிழில் இந்த மணல் வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். மணலில் செய்யும் பாவைக்கு வண்டற்பாவை என்று பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவது பருவமே சிற்றில்தான். தாங்கள் பாடுபட்டுக் கட்டிய சிறுவீட்டைக் காலால் அழித்துவிடாதே என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய பிள்ளையிடம் இறைஞ்சுவது அதன் பொருள். நீ அப்பா பொம்மையை எடுத்து மேசையில் வைத்தபோது உன் மகள் உன் கையைத் தட்டிவிட்டாளே, அதுவும் அந்த இறைஞ்சல்தான். சிற்றில் சிதைப்பதைப் பெரியவர்கள் செய்யலாகாது.

ஆனால் கைப்பேசி வீட்டைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு; அதை மறைக்க விரும்பவில்லை. என் பேத்தி வந்திருந்தபோது அந்த விளையாட்டை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். அடுக்களையில் ரொட்டி வாட்டும் பெட்டி இருக்கிறது. அம்மி இல்லை, புட்டுக்குற்றி இல்லை. குளிர்பெட்டியில் பாலும் பழச்சாறும் இருக்கின்றன. மரச்சீனிக்கிழங்கும் சாளை மீனும் இல்லை. ஐரோப்பாவில் பொம்மை வீடு தோன்றிய வரலாறும் எனக்கு நினைவுக்கு வருகிறது. பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557, 1558ஆம் ஆண்டுகளில் செய்வித்த வீடு, பெரியவர்கள் தங்கள் செல்வத்தைச் சிறிய அளவில் காட்டிப் பெருமைப்படுவதற்கு உரியதாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தில் அமைந்த பொம்மை வீடுகளில் அடுக்களைப் பாத்திரம் ஒன்றுவிடாமல் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தக் கற்பிக்க அவை பயன்பட்டன. அவை ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் வீடு. எங்கள் சிற்றிலும் எங்கள் வீடாகவே இருந்தது. கைப்பேசியில் இருப்பது எந்த ஊர் வீடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உலகம் முழுவதற்கும் ஒரே வீட்டைச் செய்து விற்கும்போது முட்டத்துப் பிள்ளையின் வீடு அதில் இடம்பெறாது. என் பேத்தி ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்து, "தாத்தா, புட்டு" என்று நீட்டினாள். கெட்டிக்காரிதான், ஆனாலும் புட்டு வைத்துக் கொடுக்க அந்த வீட்டில் ஒரு குற்றி இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, கனம். சிரட்டையில் மணல் நிறையும்போது கை அதன் கனத்தை அறியும். மணலில் ஈரம் போதாவிட்டால் அப்பம் உதிர்ந்துவிடும், கூடினால் சிரட்டையோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் திரையில் மீனும் முட்டையும் அப்பாவும் ஒரே எடை. மாலையில் வெயில் தாழ்ந்ததும் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், இரண்டு சிரட்டையைக் கையில் கொடுத்துப் பார். கைப்பேசியை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

பதில் 5: மார்த்தாண்டம், இரட்டைப் பிள்ளைகளின் தாய்

எனக்கு 5 வயதில் இரண்டு ஆண் பிள்ளைகள். பொம்மை வீட்டை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், அதில் நான் நிறையப் பாடுபட்டிருக்கிறேன்.

"போதும், கொடு" என்று பிடுங்கினால் அழுகை கட்டாயம் வரும், ஏனென்றால் பிள்ளையின் கணக்கில் அடுப்பில் சோறு பாதி வெந்துகொண்டிருக்கிறது. கடிகாரத்தில் மணி அடிக்க வைத்தும் பார்த்தேன். மணியின் மேல் கோபம் வந்ததே தவிர வேறு பலன் இல்லை. பிறகுதான் விளையாட்டுக்குள்ளேயே முடிவைத் தேடினோம். நேரம் முடிய 5 நிமிடம் இருக்கும்போது, "இந்த வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரம் ஆகிவிட்டது" என்று சொல்வேன். அவர்கள் அடுப்பை அணைத்து, குழாயை மூடி, ஒவ்வொரு பொம்மையாகக் கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டு, அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவார்கள். கடைசி விளக்கு அணைந்ததும் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். முதல் வாரம் இரண்டு முறை அழுதார்கள். அதற்குப் பின் இல்லை. அடுத்த நாள் திறக்கும்போது பொம்மைகள் வைத்த இடத்தில் அப்படியே தூங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆசிரியர் ஐயா சொன்ன மனக்குறை எனக்கும் இருந்தது. பலசரக்குக் கடையில் பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டி இரண்டை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நான்கு அறை செய்தோம். தீப்பெட்டியில் கட்டில், தேன்குப்பி மூடியில் தொட்டி. அதில் அம்மியும் இருக்கிறது, கூழாங்கல்தான். கைப்பேசியில் பார்த்த வீட்டைப் போலவே கேட்டு ஆரம்பித்தார்கள், முடியும்போது அது எங்கள் வீடாக மாறியிருந்தது. ஆண் பிள்ளைகளுக்குப் பொம்மை எதற்கு என்று என் மாமனார் கேட்டார். இப்போது அந்தப் பெட்டி வீட்டின் கதவுக்குக் கீல் வைத்துக் கொடுத்திருப்பவர் அவர்தான்.

மீண்டும்: தூத்தூர்க் கடற்கரை

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அங்கன்வாடி அக்கா சொன்னபடி மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாட்டி பொம்மையை அவர் பொறுப்பில் விட்டேன். முதல் நாள் தயங்கினார். இரண்டாம் நாள் அவராகவே பாட்டி பொம்மையைக் குளியலறை வாசலில் நிறுத்தி, "மக்கா, மீன் கெடச்சா?" என்று தொட்டியைப் பார்த்துக் கேட்டார். என் மகள் குரலைத் தாழ்த்தி அப்பாவாகப் பேசி, "நெறையக் கெடச்சு, ஐஸ் தீந்துபோச்சு" என்றாள். ஐஸ் தீர்ந்தால் படகு கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்; வீட்டில் நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மாமியார் அதற்குப் பின் கைப்பேசியை ஒளித்து வைப்பதில்லை.

தூங்க வைத்து முடிப்பதும் நடக்கிறது. ஆனால் அப்பாவை மட்டும் கட்டிலுக்குக் கொண்டுவர மாட்டேன் என்கிறாள். போர்வையை எடுத்துப்போய்த் தொட்டியிலேயே போர்த்திவிட்டுக் குளியலறை விளக்கை அணைக்காமல் விடுகிறாள். நாங்களும் அணைப்பதில்லை. செயலியைப் பின் செய்தபின் மாமியாரின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், அழைப்பு வருகிறது. மாலையில் சிரட்டையோடு கடற்கரைக்கும் போகிறோம். அங்கே அவள் கட்டும் வீட்டில் தொட்டி கிடையாது, கடல் பக்கத்திலேயே இருக்கிறதே.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. என் கைப்பேசி பழையதாகிவிட்டது. கணவர் இந்த முறை வரும்போது வேறொன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். பணம் கொடுத்து வாங்கிய வீடு புதிய கைப்பேசிக்கு வருமா? அதில் அப்பா தொட்டியிலேயே இருப்பாரா?

பதில் 6: நாகர்கோவில், மென்பொருள் சோதனையாளர்

அக்கா, வாங்கியது உங்கள் கூகுள் கணக்கின் பெயரில் இருக்கிறது. புதிய கைப்பேசியிலும் அதே கணக்கில் நுழைந்து ஏற்றினால் மறுபடி பணம் கேட்காது. செயலிக்குள் வாங்கிய அறைகள் இருந்தால், அதன் அமைப்புகளில் வாங்கியதை மீட்டெடுக்கும் பொத்தானைத் தேடி ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் எந்தப் பொம்மை எங்கே இருக்கிறது என்பதை இத்தகைய விளையாட்டுகள் பலவும் அந்தக் கைப்பேசிக்குள் மட்டுமே சேமிக்கின்றன. ஆகவே புதியதில் திறக்கும்போது எல்லாரும் முதல் நாள் இருந்த இடத்தில் இருக்கவும் கூடும்.

பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். குளியலறை திரையில் இருக்கும்போது பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அந்தக் காட்சி படமாகச் சேமிக்கப்படும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவையும் மீனையும் போர்வையையும் அவள் கையாலேயே திரும்ப அந்தந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.